இரண்டு விலை

என் கடையில் போனது
குழந்தைப் பால்மா டின் பதினொன்று, சவர அலகு ஒரு கட்டு,
சவர்க்காரம் எத்தனையென்று இன்னும் எண்ணி முடியவில்லை.
மூன்று பெண்கள், ஓர் ஆண்.
பச்சைக் குடைக்காரி சம்பா விலையைக் குறைக்கச் சொன்னாள்.
குறைத்தேன்.
அதுதான் இப்பவும் சுடுகுது.

மாங்குளம் பொலிஸில் நான் தமிழில் சொன்னேன்,
சார்ஜன்ட் சிங்களத்தில் எழுதினார்,
அதன் கீழே நான் தமிழில் ஒப்பம் வைத்தேன்.
வாகனம்?
வான்.
நிறம்?
கொஞ்ச நேரம் வாய் எழும்பவில்லை.
அவருக்கு அது வெறும் நிறம்.
வெள்ளை, என்றேன்.

அதே கிழமை புளியங்குளம். அடுத்த கிழமை ஒட்டுசுட்டான்.
தருமபுரத்தில் தை மாதமே ஒரு தரம் நடந்ததாம்.
எல்லாக் கடையிலும் ஒருத்தி அரிசி விலை பேசியிருக்கிறாள்.
எல்லா நிலையத்திலும் ஒரு தடித்த புத்தகம்,
புத்தகத்துக்கு ஒரு வெள்ளை வான்.
ஒரு புத்தகம் மற்றதைத் திறந்து பார்த்ததில்லை.
"அது எங்கட பிரிவு இல்லை, அம்மா."
ஏ-ஒன்பதில் ஒரு மணித்தியாலத்துக்குள் மூன்று மாவட்டம் கடக்கலாம்.
கள்ளனுக்கு அது ஒரே ஒழுங்கை,
பொலிசுக்கு மூன்று தேசம்.

வர்த்தகர் சங்கத்து நிரூபன்தான் ஒரு சீஆர் கொப்பியில்
திகதி, நேரம், குடையின் நிறம் எல்லாம் கோடு போட்டு எழுதி
டிஐஜி கந்தோருக்குக் கொண்டு போனான்.
ஐந்து தரம் போனான்.
ஆறாம் தரம் கிளிநொச்சிக் கச்சேரியில் கூட்டம்.
ஏழு பொறுப்பதிகாரிகள், ஒரே மேசை, மாலு பணிஸ்,
சுவரில் வெளிச்சமாய் விழுந்த வன்னி வரைபடம்.
இளம் அதிகாரி ஒருவர் வீதிகளில் சிவப்பு அம்புக்குறி இழுத்தார்.
இப்படி வருகிறார்கள், இப்படிப் போகிறார்கள்,
இங்கே மறிக்கலாம்.
கடைக்காரர் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை.
இந்த வீதிகளுக்கு அம்புக்குறி புதிதில்லை.
இம்முறை பால்மாவுக்கு.

ஒரே கோப்பு, ஒரே தொலைபேசி இலக்கம், ஒரு வைபர் குழு.
ஒன்பதாம் நாள் ஓமந்தையில் மறித்தார்கள்.
ஓமந்தையில் மறிபடுவது எப்படியென்று
எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.
என்றாலும் அன்றைக்குக் கடைப் பெடியனுக்கு
ஒரு சோடா உடைத்துக் கொடுத்தேன்.

அடையாளம் காட்டக் கூப்பிட்டார்கள்.
நீட்டு மேசையில் ஏழு ஊர்ச் சாமான்.
வழக்குத் தவணை ஒக்டோபர் என்றார்கள்,
டின்னின் அடியில் ஓகஸ்ட் என்று இருந்தது.
அது போகட்டும்.
என் டின்னை இருட்டிலும் சொல்லுவேன்:
ஊதாப் பேனை, 2650, ஐந்துக்கு வால் நீளம்.
"இது என்ரை."

கான்ஸ்டபிள் தயாளினி மட்டக்களப்புப் பிள்ளை, கவனக்காரி.
ஒட்டுத்தாளின் மூலையை நகத்தால் கிளப்பினாள்.
கீழே இன்னொரு ஒட்டுத்தாள்.
பச்சைப் பேனை. 2720.
பக்கத்தில் நின்ற தருமபுரம் தவமலர்
"அது என்ரை கையெழுத்து" என்றாள்,
தொண்டை பிடித்தவள்போல.

மாசியில் ஒருவன் மோட்டார் சைக்கிளில் வந்தான்.
டின் 2100, பில் பிறகு தாறன், என்றான்.
எப்ப என்று நான் கேட்கவில்லை.
பழைய விலையை உரிக்க நேரமில்லை,
மேலாலே ஒட்டினேன்.
நேரமில்லை என்றுதான் அன்றைக்கு எனக்கே சொன்னேன்.

தயாளினி படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.
ஏழு நிலையத்துக்கும் ஒரே படிவம்,
கச்சேரிக் கூட்டத்தில் முடிவெடுத்தது. நாங்களே கை தூக்கியது.
அதில் புதிதாய் ஒரு நிரல்:
பொருள் யாரிடம் வாங்கப்பட்டது.
முதல் தடவையாகத் தமிழில் அச்சடித்திருந்தார்கள்.
விளங்கவில்லை என்று சொல்ல வழியில்லை.